மூக்கக்காவுக்குப் புகை தெரியாமல் போன வாரம்

வலது கையில் இருக்கும் கோப்பைக்குள் மூக்கை விட்டு ஒரு மூச்சு. உடனே இடது முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து ஒரு மூச்சு. பிறகு அடுத்த கோப்பை. மறுபடி முழங்கை. புதிதாகப் பார்ப்பவர்கள், பாவம், அந்த அம்மாளுக்குத் தும்மல் வருகிறது, அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டுவார்கள். அவர் வாங்க மாட்டார். கைக்குட்டையில் சோப்பு வாசம் இருக்கும்.

பல இடங்களிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வரும் விஸ்கிகளை ஒன்றோடொன்று கலந்து பாட்டிலில் அடைக்கும் கம்பெனி அது. எது எப்படி இருக்கிறது, எதை எதோடு எவ்வளவு சேர்க்கலாம் என்று முகர்ந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்து, ஒப்பிட்டுச் சொல்வது இவர் வேலை. இவருக்கென்று ஒரு நீளமான பதவிப் பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மேலாளர் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் இவர் மூக்கக்கா. "எல்லாரும் எதுலயாவது மூக்க நுழைச்சாத் திட்டு வாங்குவாங்க. எனக்கு நுழைக்கலேன்னாத்தான் திட்டு" என்பார்.

முழங்கை விஷயத்துக்கு வருவோம். ஒரு விஸ்கியை முகர்ந்த மூக்கில் அதன் வாசம் ஒட்டிக்கொள்ளும், அடுத்ததைச் சரியாகப் பார்க்க விடாது. அதைக் கழற்றிவிட ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். மேலாளர் ஜன்னலண்டை போய் நிற்பார். பீப்பாய்க் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒரு தம்ளர் வெந்நீரை முகர்வார். மூக்கக்காவுக்குத் தன் கை மடிப்பு. ஒருவருக்குத் தன் மேல் அடிக்கும் வாசம் தெரிவதில்லை அல்லவா, அதனால் அங்கே போய்த் திரும்பிய மூக்கு எதையும் சுமக்காமல் வெறுமையாக வருமாம். "மூக்கை ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வரச் சொல்றேன். ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்தா அது புதுசா வேலை பாக்கும்ல?" என்பது அவர் விளக்கம்.

அவருடைய அறையில் ஒரு நீண்ட வெள்ளை மேசை, வரிசையாக நீலக் கோப்பைகள், துப்புவதற்கு ஒரு வாளி, வேறொன்றும் கிடையாது. கோப்பை நீலமாக இருப்பது விஸ்கியின் நிறம் கண்ணில் படாமலிருக்க. கறுத்துப்போயிருந்தால் வயதானது, நல்லது என்று கண் போய் மூக்கிடம் கோள் சொல்லிவிடுமாம். சென்ட் அடித்தவர்களும் வாசனை எண்ணெய் தேய்த்தவர்களும் சற்று முன்தான் ஆரஞ்சு உரித்தவர்களும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஒருமுறை கம்பெனியின் முதலாளியே முகச்சவரம் செய்த கையோடு கமகமவென்று வந்து நின்றார். "சார், நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னே பாருங்க, நல்லாத் தெரியும்" என்று அவரைத் தாழ்வாரத்தில் நிற்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார் அக்கா.

விஸ்கிகளை அவர் இனம் பிரித்துச் சொல்வதைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் மரம், பழம், மலர் என்று குறித்துக்கொண்டிருக்க, இவர் சொந்தக்காரர்களை வரிசையாக உட்கார வைப்பார். சோளத்தில் வடித்த லேசான விஸ்கி வீட்டோட மாப்பிள்ளை. "எங்க உக்காரச் சொன்னாலும் உக்காருவாரு, யாரோடயும் சண்டை கெடையாது. ஆனா தனியா விட்டா பேச ஒண்ணும் இருக்காது." ரை என்ற தானியத்தில் செய்தது நாத்தனார். "நாக்குல வைக்கறப்ப இனிப்பு, துப்பினப்பறம் மிளகு." முன்பு திராட்சை ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியது பெரியம்மா, மடி நிறைய உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் கட்டிக்கொண்டு வருகிறவள். உட்புறம் தீயில் கருக்கிய புதுப் பீப்பாயில் கிடந்தது புதுப் பணக்கார மச்சான். "தேங்கா, தேன், புது மரவாசம். வீட்டுக்கு வார்னிஷ் அடிச்சத எல்லாருக்கும் காட்டியே ஆகணும் அவருக்கு."

சதுப்பு நிலத்து மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்திச் செய்யும் விஸ்கி ஒன்று உண்டு. அது மாமனார். "தெருமுனை திரும்பறப்பவே வந்துட்டார்னு வீட்டுக்குள்ள தெரிஞ்சிடும். ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, அணைஞ்ச அடுப்பு, மழையில நனைஞ்ச தாரு. மொதல்ல பயமாத்தான் இருக்கும். பழகிட்டா, அவர் இல்லாத வீடு வெறிச்சுனு இருக்கும்." இத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ், ஒருவர் குரல் இன்னொருவரை அமுக்காமல் வைத்திருப்பதுதான் கலவை. மாமனாரை எத்தனை சொட்டு விடுவது என்பதில்தான் கை நடுங்கும் என்று மேலாளரே சொல்வார். அக்காவுக்கு நடுங்கியதில்லை.

பகலெல்லாம் வாயில் விஸ்கியோடு இருப்பவர் ஒரு மிடறும் விழுங்குவதில்லை. "குடிக்கறதுக்குச் சம்பளமா? எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடேன்" என்று கேட்ட எதிர்வீட்டுக்காரரிடம், "துப்பறதுக்குத்தாங்க சம்பளம். உங்களால துப்ப முடியும்னா நாளைக்கே வாங்க" என்றார். அதன்பின் அவர் கேட்கவில்லை.

வீட்டில் இருப்பது அக்காவும் அவர் கணவரும். அவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது சமையலறை அவர் பொறுப்பு. ஸ்டியரிங் பிடித்த காலத்தில் பிடித்த இன்னொன்று சிகரெட். டாக்டர் ஒருநாள் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டித் திட்டிய திட்டில் அதை விட்டார். விட்டார் என்பதைவிட, மனைவியின் மூக்கு விட வைத்தது என்பதே சரி. வேலை முடிந்து வந்ததும் அவர் சட்டைக் காலரில் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் அக்கா செருப்பைக் கழற்றுவார். இப்படிப்பட்ட மூக்கோடு குடித்தனம் செய்கிறவர் என்ன தப்பு பண்ண முடியும் என்று ஊரே அவருக்காகப் பரிதாபப்பட்டது.

குளிர்காலம் வந்தது. அக்காவுக்கு ஜலதோஷமும் வந்தது. மூக்கடைப்பென்றால் சாதாரண அடைப்பில்லை, மிளகும் பூண்டும் ஒன்றுபோல் இருந்தன. லீவு போட்டுவிட்டுப் படுத்தார். வாரம் ஒன்று போய் மூக்கு திறந்ததும், சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினார். சோளம் சோளமாக இருந்தது, திராட்சை திராட்சையாக இருந்தது. "வந்துடுச்சு தம்பி, மூக்கு வந்துடுச்சு" என்று கிடங்குத் தம்பியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெரிய வேலை வந்தது. வாங்குகிற கம்பெனி புதுக் கலவை ஒன்று கேட்டிருந்தது. புகை இருக்க வேண்டும், ஆனால் இருப்பது தெரியக் கூடாது. மூன்று விதமாகக் கலந்து வைத்திருந்தார்கள், ஒன்றில் புகை லேசாக, ஒன்றில் நடுத்தரமாக, ஒன்றில் தூக்கலாக. எது எது என்று அக்காவுக்குச் சொல்லவில்லை. அவர் கோப்பை, முழங்கை, கோப்பை, முழங்கை என்று போய்வந்தார். கம்பளிக் கையில் மூக்கைத் துடைப்பது போல இழுத்து இழுத்து முகர்ந்தார். கடைசிக் கோப்பையைத் தொட்டு, "இதான். புகை பட்டும் படாம இருக்கு. மத்த ரெண்டுலயும் ஒண்ணுமே இல்லயே சார்" என்றார்.

மேலாளர் கிடங்குத் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். அக்கா தொட்டது தூக்கலானது.

"அக்கா, எனக்கு வாயெல்லாம் புகையா இருக்கே" என்றார் தம்பி, தயங்கித் தயங்கி.

"உனக்கு வெந்நீர் மோந்து மோந்து மூக்கு வெந்துபோச்சு" என்றார் அக்கா.

பெரிய தொட்டியில் ஊற்றிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. அதனால் மேலாளர், "ஒரு தடவ சும்மா பாத்துடலாம்க்கா" என்று, கலக்காத தனி விஸ்கிகளை நீலக் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைத்தார். சோளம் சரி. ரை சரி. மச்சான், பெரியம்மா இருவரும் சரி. கடைசியில் இருந்தது மாமனார், தண்ணீரைத் தவிர வேறெதும் கலக்காத முழு மாமனார். அக்கா நெடுநேரம் முகர்ந்துவிட்டு, "இது யாரோ சாதுவான ஆளு. காஞ்ச பூ, கொஞ்சம் உப்பு... புதுசா வந்ததா சார்?" என்றார்.

கண்ணாடிக்கு வெளியே தாழ்வாரத்தில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார். பாட்டிலைத் திருப்பிக் காட்டியபோது அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. மேலாளர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவரோ, "நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா. நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்று நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அக்கா வெளியே பார்க்கவில்லை. ஜலதோஷம் போகும்போது மூக்கில் பாதியைக் கொண்டுபோய்விட்டது என்றே முடிவு கட்டினார். தொழிலில் அப்படிப் போனவர்களை அவருக்குத் தெரியும். போனது திரும்பியவர்களைத்தான் தெரியாது. வேறு வேலை எதுவும் தெரியாதே என்ற பயத்தைவிட, இனி தன்னை எல்லாரும் எப்படிக் கூப்பிடுவார்கள் என்ற நினைப்பு அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்தவர் கணவரின் காலரை முகரவில்லை. ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போய் டப்பாக்களைத் திறக்கத் தொடங்கினார். காப்பிப் பொடி தெரிந்தது. கிராம்பு தெரிந்தது. சோம்பு தெரிந்தது, சோப்பு தெரிந்தது. தீக்குச்சி ஒன்றைக் கிழித்து அணைத்து மூக்கருகே பிடித்தார். மருந்தின் காரம் தெரிந்தது. அதன்பின் வர வேண்டிய புகை வரவில்லை. இன்னொன்று கிழித்தார். கணவர் கரண்டியும் கையுமாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னம்மா பண்றே? அடுப்பு எரிஞ்சிட்டுத்தானே இருக்கு?"

"எனக்குப் புகை தெரியலீங்க."

"தெரியலேன்னா?"

"தெரியலேன்னா தெரியல. மத்ததெல்லாம் தெரியுது. புகை மட்டும் செத்துப்போச்சு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். முதலில் தன் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று ஒரு காற்று வீசியதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். மனுஷன் பொல்லாதவர் இல்லை, ஆனால் அந்தச் செய்தி அவருக்கு அப்படிப்பட்டது. "சரி விடு, புகை தெரிஞ்சு இப்ப என்ன ஆகப்போகுது?" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

அக்கா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னார். கோப்பைக்கு ஒரு தடவை ஸ்வெட்டர் கையை முகர்ந்து முகர்ந்து எவ்வளவு கவனமாகப் பார்த்தும் தப்பாகப் போனதைச் சொன்னார். "நாளைக்குப் போய் நின்னுடறேன்னு சொல்லிடப் போறேன். அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா மரியாதை" என்றபோது குரல் உடைந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் அழுது கணவர் அதிகம் பார்த்ததில்லை.

"எதை மோந்தே?" என்றார் கணவர்.

"கையைத்தான். இந்த ஸ்வெட்டரை. தினம் அப்படித்தானே பண்ணுவேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? வீட்டுல நீ பண்ணதே இல்லியே?" அவர் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்சநேரம் குழம்பைக் கிளறினார். கிளற ஒன்றுமில்லாமல் போன பின்பும் கிளறினார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அக்காவுக்கு எதிரே வந்து நின்று, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"திட்டாதே. உனக்கு மூக்கடைச்சிருந்துச்சில்ல, அப்ப ஆரம்பிச்சேன்."

"என்னத்த?"

"ஒண்ணே ஒண்ணுதான். காலையில நீ குளிக்கப் போறப்ப. மாடில. குளுருது, அதனால உன் ஸ்வெட்டர மாட்டிக்குவேன்."

அக்கா இமைக்காமல் பார்த்தார்.

"என் சட்டைய நீ மோந்து பாப்பே. அதான் உன்னுதப் போட்டுக்கிட்டேன். உன் துணிய நீயே எதுக்கு மோந்து பாக்கப் போறேன்னு நெனச்சேன்."

"அதத்தாங்க நான் நாள் பூரா மோந்து பாக்கறேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் அக்காவின் தலைக்குள் மெல்ல இறங்கியது. அடைத்துக்கொண்டிருந்த மூக்கு திறந்தபோதே ஸ்வெட்டரில் சிகரெட் குடியேறியிருந்தது. மூக்கு அதையும் வீட்டு வாசத்தோடு சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே வீட்டுக்குப் போய்வரச் சொல்லி அனுப்பிய மூக்கு, ஒவ்வொரு தடவையும் புகைக்குள் மூழ்கி எழுந்து, புகை என்ற ஒன்றையே மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

ஸ்வெட்டரைக் கழற்றிக் கணவர் மேல் வீசினார். முகம், கழுத்து, கை எல்லாம் வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவினார். மாடிக்குப் போய்க் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு, சாயங்கால வெளிச்சம் மங்கும்வரை நடந்தார். கீழே இறங்கி வந்தபோது கணவர் ஸ்வெட்டரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தார். அக்கா கிட்டே போய் ஒரு மூச்சு இழுத்தார்.

"அய்ய!" என்று பின்வாங்கினார். மறுபடி ஓடிவந்து முகர்ந்தார். "நாறுதுங்க! நல்லா நாறுதுங்க!"

துர்நாற்றத்துக்கு இப்படிச் சிரித்த ஒருவரை அவர் கணவர் பார்த்ததில்லை. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவரைத் திட்ட வேண்டியது பாக்கியிருக்கிறது என்பது அக்காவுக்கு நினைவிருந்தது. அதற்கான வாய்தான் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் சிகரெட் நாற்றம் வேறு, விஸ்கியின் புகை வேறு. வீட்டில் ஒரு சொட்டு விஸ்கி கிடையாது. காலைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் போனார். அந்த அறை குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி போல இருக்கும். கைமயிர் சிலிர்த்து நிற்க, பற்கள் தந்தியடிக்க, "சார், நேத்து வச்சதையே மறுபடி வைங்க. வரிசையை மாத்திட்டு வைங்க" என்றார். மேலாளர் மறுத்துச் சொல்ல நினைத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்தார். முதல் கோப்பை, வெறும் முழங்கை. இரண்டாவது, முழங்கை. மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோகக்கூட இல்லை, அரைமுழ தூரத்திலேயே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மாமனார் வந்துட்டாரு!"

அடுத்தபடி மூன்று கலவைகள். நேற்றுத் தான் தேர்ந்தெடுத்ததை முகர்ந்ததும், "அடக் கடவுளே, இதையா சொன்னேன்? வீடே பத்தி எரியுதே!" என்று கோப்பையை நகர்த்திவைத்தார். லேசானதைச் சரியாகத் தொட்டு, இதிலும் ஒரு சொட்டு குறைத்தால் தேவலை என்றார். மேலாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, நேற்றிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டார்.

அக்கா காரணத்தைச் சொன்னதும் கிடங்குத் தம்பி தலையைச் சொறிந்தார். "அக்கா, ஒண்ணு சொன்னாக் கோச்சுக்கக் கூடாது. நீங்க லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கே உங்க மேல சிகரெட் வாசம் அடிச்சுது. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்."

"என்னன்னு?"

"அக்காவுக்கு வீட்டுல ஏதோ கவலை போல, பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு. எப்படிக்கா உங்ககிட்டக் கேக்கறது?"

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாரம் முழுக்க மரியாதை கருதி வாயை மூடிக்கொண்டிருந்த இருவரையும் மூக்கக்கா மாறி மாறிப் பார்த்தார். "நான்... சிகரெட்டு..." என்று தொடங்கியவர் முடிக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். தாழ்வாரத்தில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்த அறையில் அவ்வளவு சத்தம் யாரும் கேட்டதில்லை.

சிரிப்பு அடங்கியதும் அக்கா வெளியே வந்து, சுவரோரம் நின்று வீட்டுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார் கணவர். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பார் போல.

"நான் மாடிப்பக்கமே போகல, சத்தியமா. என்னாச்சு சொல்லு. தெரிஞ்சுதா?"

அக்கா கண்ணாடி வழியே மேசையிலிருந்த நீலக் கோப்பைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா? லைன்ல இருக்கியா? தெரிஞ்சுதா இல்லியா?"

அக்கா போனை வாயண்டையிலிருந்து எடுத்து மூக்கண்டை வைத்து, அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி, நெஞ்சு நிறைய ஒரு நீண்ட மூச்சை இழுத்தார்.